வந்தவர்கள் கிளம்புகிறார்கள்: கடைசிக் காட்சியில் என்ன வைக்கலாம்?

செம்பூர் நாடகக்காரன்

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்கு ஒரு மணி நேர நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேற்றுலகத்தார் சிலர் கலாசாரப் பரிமாற்றத்துக்காக மும்பைக்கு வருகிறார்கள், மாட்டுங்காவில் ஓராண்டு தங்குகிறார்கள், இப்போது கிளம்ப வேண்டும். அவர்கள் வந்து இறங்கும் காட்சி ஒரே மூச்சில் எழுதி முடிந்தது. பயம், குழப்பம், சிரிப்பு எல்லாம் தானாக வந்து விழுந்தன. வழியனுப்பும் காட்சியில்தான் பேனா நின்றுவிட்டது.

அவர்களைப் பற்றிக் கொஞ்சம். காது கிடையாது. அதிர்வை உடம்பு முழுவதும் உணர்வார்கள், அதனால் கச்சேரியைத் தரையில் படுத்துத்தான் கேட்பார்கள். மிருதங்கம் மிகவும் பிடிக்கும், வயலின் அவ்வளவாக எட்டாது. இங்கே இருந்த காலத்தில் கோலம் போடவும், இட்லிக்கு அரைக்கவும், லோக்கல் ரயிலில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாக ஒட்டிக்கொள்ளவும் கற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு அவர்கள் கற்றுக்கொடுத்தது வெப்பத்தைப் படிக்கும் வித்தை. சுவரைத் தொட்டே, சற்று முன்பு அதில் யார் சாய்ந்திருந்தார் என்று சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் இதுதான். அவர்கள் வழக்கப்படி, விருந்தாளி கிளம்பும்போது தான் தங்கியிருந்த தடம் முழுவதையும் அழித்துவிட்டுப் போக வேண்டும். அதுவே வீட்டாருக்குச் செய்யும் உயர்ந்த மரியாதை. போட்ட கோலத்தைத் துடைப்பார்கள். எழுதிக்கொடுத்ததைத் திரும்பக் கேட்பார்கள். சேர்ந்து எடுத்த படங்களையும் கேட்பார்கள். நாமோ மாலை, சால்வை, தாம்பூலப் பை, குழுப் படம் என்று எதையாவது கையில் திணிக்காமல் யாரையும் அனுப்பியதில்லை. யார் விட்டுக்கொடுப்பது?

இப்போதைக்கு கிர்காவ் சௌபாத்தியில் எல்லோருக்கும் மாலை போட்டு, கண்ணீரோடு திரை விழுகிறது. படித்துப் பார்த்த என் மனைவி, 'அமைச்சர் மட்டும்தான் குறை' என்றாள். உங்கள் யோசனைகளை எழுதுங்கள்.

கடைசி லோக்கல்

சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தினரா? எங்கள் சங்கத்துக்கும் இரண்டு பேரை அனுப்பிவையுங்கள். ஒரே சால்வையில் பத்து ஆண்டு விழாக்களை நடத்திவிடலாம்.

மாட்டுங்கா மாமி

தம்பி, கடற்கரையைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதை நாடகத்துக்குள் கொண்டுவரவில்லையே.

அனந்த சதுர்த்தசி அன்று அந்தக் கரையில் நின்று பாருங்கள். வீட்டுக்கு அழைத்துவந்து, ஒன்றரை நாளோ ஐந்து நாளோ பத்து நாளோ வைத்துக் கொண்டாடி, மோதகம் ஊட்டாத குறையாக உபசரித்த பிள்ளையாரை இந்த ஊர் என்ன செய்கிறது? ஆடிப் பாடி ஊர்வலமாக எடுத்துப்போய்க் கடலில் கரைத்துவிடுகிறது. மூக்கு, தும்பிக்கை, பூசிய நிறம் எல்லாம் தண்ணீரோடு போகட்டும் என்று தன் கையாலேயே விடுகிறது. 'அடுத்த ஆண்டு சீக்கிரம் வா' என்று மராத்தியில் கூவுகிற அதே வாய்தான் கரைவதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இங்கே வளர்ந்த குழந்தைக்குக் கூட அது அவமரியாதையாகத் தோன்றாது.

நம் வீடுகளிலும் இதன் சிறிய வடிவம் இருக்கிறது. பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தி யதாஸ்தானம் செய்கிறோம். கொலு முடிந்த இரவு ஒரு பொம்மையையாவது படுக்கவைத்த பிறகுதான் மற்றவற்றைப் பெட்டியில் அடுக்குகிறோம். அழைக்க ஒரு மந்திரம் இருந்தால் அனுப்ப ஒரு மந்திரம் இருக்கும்.

ஆகவே உங்கள் வேற்றுலகத்தார் துடைக்க ஆரம்பிக்கும்போது மேடையில் இருக்கிற மாட்டுங்காக்காரர்கள் திடுக்கிட வேண்டியதே இல்லை. 'அட, இவர்களும் நம்மைப் போலத்தானா' என்று கூடமாட நின்று துடைப்பார்கள். முட்டல் மோதல் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் முட்டலே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

செம்பூர் நாடகக்காரன்

மாமி, முட்டல் இல்லாவிட்டால் கடைசிக் கால் மணி நேரத்துக்கு நான் எதை எழுதுவது!

முலுண்ட் வாசகி

மாமி சொல்வதில் அழகு இருக்கிறது. ஆனால் சௌபாத்தியில் மறுநாள் காலையில் போய் நின்றிருக்கிறீர்களா? பாரிஸ் சாந்தில் செய்த கைகளும் முகங்களும் கரையாமல் கரை ஒதுங்கிக் கிடக்கும். தன்னார்வலர்கள் வந்து பொறுக்குவார்கள். அதனால்தான் மாநகராட்சி ஆண்டுதோறும் செயற்கைக் குளங்களை அமைக்கிறது. கரைத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்வதும் உண்மையில் கரைவதும் ஒன்றல்ல.

விருந்தாளி விட்டுச்செல்லும் தடம் சிலசமயம் ஆளைக் கொல்லும் என்பதையும் நாடகம் தொட வேண்டும். அந்தமான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி வெளியாரோடு சேராமல் தனித்து வாழும் பழங்குடி மக்களின் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதியவர்கள் இருவரும் நோயுற்று இறந்துபோனார்கள். குழந்தைகளைக் கை நிறையப் பரிசுகளோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கூடையில் பரிசோடு வேறு என்ன போயிற்று என்று யாருக்குத் தெரியும்? அதுவும் ஒரு வழியனுப்பு விழாதான்.

நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1991 ஜனவரியில், மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு அதே தீவுக்குத் தேங்காய்களோடு போனபோது அந்த மக்கள் தண்ணீருக்குள் இறங்கிவந்து வாங்கிக்கொண்டார்கள். இரு தரப்பும் அவ்வளவு நெருங்கியது அதுவரை நடக்காதது. இப்படி ஒரு தொடக்கம் கிடைத்தும், சில ஆண்டுகளில் அரசு அந்தப் பரிசுப் பயணங்களையே நிறுத்திவிட்டது. பக்கத்திலேயே, அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்களிடம் வெளியார் தொடர்பு கூடியதும் 1999இல் தட்டம்மை பரவியது. நிறுத்தியது எவ்வளவு சரியான முடிவு என்பது அதிலேயே விளங்கிவிட்டது.

நான் அடிக்கடி நினைப்பது சென்டினல் தீவின் பக்கத்தை. படகில் தேங்காய் கொண்டுவந்தவர்கள் ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த அந்தப் பிரிவில் ஒரு பக்கத்தாருக்கு விடைபெறவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்கள் நாடகத்தில் யார் அந்தப் பக்கம்? நாமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டப்புத்தகம்

நண்பர்கள் உணர்ச்சிவசப்படுவதற்கு முன் சில நடைமுறை விஷயங்கள்.

வேற்றுலகத்தாருக்குப் பழைய ஐம்பொன் சிலை எதையும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட முக்கியச் சுவடியும் தொல்பொருள்தான். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அவற்றை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. கிரகத்தை விட்டு வெளியே என்று சட்டத்தில் தனியாக இல்லை, ஆனால் கிரகத்தை விட்டுப் போகிறவர் நாட்டையும் விட்டுத்தான் போகிறார்.

இட்லி கொடுக்கலாம், மாவு கொடுக்கக் கூடாது. மாவைப் பொங்கவைப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா அதில் முக்கியமானது. 1967இன் விண்வெளி உடன்படிக்கை, ஒன்பதாவது பிரிவில், பிற வான்பொருள்களை மாசுபடுத்தக் கூடாது என்கிறது. அங்கிருந்து வரும் பொருளால் பூமிக்குக் கேடு வரக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களையே மூன்று வாரம் தனியாக அடைத்துவைத்தார்கள். உங்கள் விருந்தாளிகள் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஓராண்டு காய்கறி வாங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் அவர்கள் தடத்தைத் துடைப்பது மரியாதை மட்டுமில்லை, சுகாதாரமும்கூட. இன்னொன்று: மனிதகுலத்தின் சார்பில் விடைகொடுக்க உங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. வேற்றுலகச் செய்தி கிடைத்தால் சர்வதேச ஆலோசனை இல்லாமல் யாரும் பதில் அனுப்பக் கூடாது என்று வானியல் அமைப்புகள் 1989லேயே ஒரு நெறிமுறை வகுத்திருக்கின்றன. அது சட்டமில்லை, ஒப்புக்கொண்ட ஒழுங்கு.

கடைசி லோக்கல்

எங்கள் சங்கத் தலைவருக்குக் குடியிருப்பின் சார்பில் பேசவே அதிகாரம் இல்லை என்று இரண்டாவது மாடி சொல்கிறது.

அலைவரிசை

ரேடியோ வானியல் பக்கம் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். கிளம்புவது என்பதை ஏன் எல்லோரும் ஒரு கணமாகவே கற்பனை செய்கிறீர்கள்? வண்டி ஏறினார்கள், கை அசைத்தார்கள், திரை. விண்வெளியில் பிரிவு அப்படி நடக்காது.

கப்பல் புறப்பட்ட பிறகும் பேச்சு தொடரும். நிலவின் தூரத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வர இரண்டரை விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். குறுக்கே பேசிவிட்டு இருவரும் சிரிப்பீர்கள். செவ்வாயின் தூரத்துக்குப் போனால், அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு வழிக்கே மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம்வரை. அங்கே உரையாடல் செத்துவிடும். ஒருவர் முழுவதும் பேசி முடிக்க, மற்றவர் கேட்டுவிட்டு யோசித்துப் பதில் அனுப்ப வேண்டியிருக்கும். சனியைத் தாண்டினால் மணிக்கணக்கு. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்று இருக்கும் தூரத்துக்கு ஒளியே போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. மிக அருகிலுள்ள விண்மீன் என்றால் 4.24 ஆண்டு. 'மாவு புளித்துவிட்டது, என்ன செய்வது' என்று அங்கிருந்து கேட்டால் பதில் கிடைக்க எட்டரை ஆண்டு.

எனவே கடைசிக் காட்சியில் மேடையின் ஒரு ஓரத்தில் ரேடியோப் பெட்டி ஒன்றை வையுங்கள். மற்ற வேலைகள் மேடையில் நடந்துகொண்டே இருக்கட்டும். பெட்டியிலிருந்து பதில் வரும் இடைவெளி மட்டும் நீண்டுகொண்டே போகட்டும். அவர்களுக்குக் காது இல்லை என்பதால் பதில் தாளமாக வரலாம், மிருதங்கச் சொல்லாக. பதிலுக்காகக் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வேலைக்கு எழுந்து போவார்கள். யாரும் விடைபெற வேண்டியதே இல்லை.

புணே பக்கம் நாராயண்காவ் அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, 45 மீட்டர் அகலக் கிண்ணங்கள் முப்பது, இப்படி ஒரு கடைசிக் குரலைக் கேட்டிருக்கிறது. 2016 அக்டோபரில் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கியபோது அதன் மெல்லிய சமிக்ஞையை அந்தக் கிண்ணங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. தரை தொடுவதற்குச் சற்று முன் அது நின்றுவிட்டது. கலம் மோதி உடைந்துவிட்டது என்பது பின்னால் உறுதியானது.

முலுண்ட் வாசகி

அருமையான யோசனை. தடத்தை அழிக்கும் வழக்கத்துக்கு ஒரு ஓட்டையும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. கோலத்தைத் துடைக்கலாம், அனுப்பிய ரேடியோ அலையைத் துரத்திப் பிடித்துத் துடைக்க முடியாது.

அலைவரிசை

ஆம். 1974இல் அரேசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கூட்டத்தை நோக்கி அனுப்பிய செய்தி 1,679 இருமக் குறிகளைக் கொண்டது. சுமார் 25,000 ஒளியாண்டு தூரம் போக வேண்டும். இப்போது நமக்கே வேண்டாம் என்று தோன்றினாலும் அதை நிறுத்த வழியில்லை.

தொண்ணூறடிச் சாலை

தாராவியிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் தடத்தை அழிப்பதைப் பற்றி இவ்வளவு இதமாகப் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு எங்கள் ஆட்கள் இங்கே வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கேட்டு வாங்கினார்கள். பொங்கலன்று சாலையோரம் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குகிறோம். அந்தச் சாலையை நீங்கள் கூகுள் படத்தில் பார்த்தால் எங்கள் தாத்தாக்கள் யாரும் தெரிய மாட்டார்கள். இப்போது மறுசீரமைப்பு என்று அளவெடுக்கிறார்கள். நாளை இந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் காட்ட எங்களிடம் என்ன இருக்கும்? ரேஷன் அட்டையும் மின் கட்டண ரசீதும்.

சண்முகானந்தா அரங்கத்தில் பெயர் பொறித்த நாற்காலி இருக்கிறவர்களுக்குத் தடம் அழிவது தத்துவம். எங்களுக்கு அது நோட்டீஸ்.

உங்கள் வேற்றுலகத்தார் மாட்டுங்காவில் தங்காமல் எங்கள் தெருவில் தங்கியிருந்தால், கிளம்பும் அன்று எங்கள் பெண்கள் அவர்களைக் கோலத்தைத் துடைக்க விட்டிருக்க மாட்டார்கள். 'வந்து இருந்தாய், எங்களோடு உண்டாய், அந்தச் சுவரில் உன் கை பட்ட இடம் அப்படியே இருக்கட்டும்' என்று மறித்திருப்பார்கள். நாடகக்காரரே, உங்களுக்கு முட்டல்தானே வேண்டும்? எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசைத் தம்பி சொன்ன இடைவெளி சமாச்சாரம் எங்களுக்குப் புதிதில்லை. என் தாத்தா காலத்தில் ஊருக்கு இன்லண்டு கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் இங்கே எழுதியவரின் கவலையே மாறியிருக்கும்.

மாட்டுங்கா மாமி

அண்ணாச்சி, நியாயமான கோபம். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் தடத்தை அழிப்பவர்கள் வேறு யாரோ, உங்களைக் கேட்காமல் அழிக்கிறார்கள். இங்கே விருந்தாளி தன் தடத்தைத் தானே அழிக்கிறான், அவன் ஊர் மரியாதை அது. அதைத் தடுப்பது அவன் கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். நமக்குப் பிடித்தமான விதத்தில் அவன் நன்றி சொல்ல வேண்டும் என்று எப்படி வற்புறுத்துவது?

தொண்ணூறடிச் சாலை

அவன் கோலம் போட்டது என் வாசலில், அம்மா. அரிசி மாவு என்னுடையது. போட்டபிறகு அது அவனுக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

சட்டப்புத்தகம்

இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் கோலம் போட்டவர் பக்கம் நிற்கலாம், வாசல் வீட்டுக்காரர் பக்கம்.

கடைசி லோக்கல்

வாயேஜரில் வேற்றுலகத்தாருக்காக வைத்த ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து அனுப்பினார்கள். கன்னடம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, மராத்தி இருக்கிறது. தமிழ் இல்லை. வேற்றுலகத்தார் மாட்டுங்காவைத் தேடி வந்ததே அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்று முதல் காட்சியில் ஒரு வரி சேருங்கள்.

(இதைத் தொடர்ந்து, தமிழ் ஏன் விடுபட்டது என்பது பற்றி வந்த பதினோரு பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. அங்கே சண்டை போடுங்கள். - மட்டுறுத்துநர்)

அலைவரிசை

அந்தத் தட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால், இந்த நாடகத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு செய்தி. அதில் இந்தியாவிலிருந்து போன இசை கேசர்பாய் கேர்க்கர் பாடிய 'ஜாத் கஹான் ஹோ', பைரவி ராகம். தனியே கிளம்பிப் போகிற பெண்ணைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கிற பாட்டு. இந்துஸ்தானிக் கச்சேரியைப் பைரவியில் முடிப்பது வழக்கம். (நம் பைரவியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. காதுக்கு நம் சிந்துபைரவிதான் பக்கத்தில் வரும்.) கோவாவில் பிறந்து மும்பையில் வாழ்ந்தவர் கேசர்பாய். வாயேஜர் 1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5. அதே மாதம் அவரும் இதே ஊரில் காலமானார்.

மாட்டுங்கா மாமி

எனக்கு இது தெரியாது. நாம் மங்களம் பாடுகிற இடத்தில் அவர்கள் பைரவி பாடுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். நாடகத்தின் கடைசியில் மங்களம் வைக்கலாம் என்று சொல்ல நினைத்திருந்தேன். சௌராஷ்டிர ராகத்தில் இரண்டு நிமிடம். ஆனால் காதில்லாத விருந்தாளிக்கு ராகம் எதற்கு? மிருதங்கக்காரர் மட்டும் தரையில் வாத்தியத்தை அழுத்திவைத்து வாசிக்கட்டும். பாட்டுக்காரர் வாயசைத்தால் போதும்.

செம்பூர் நாடகக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எழுதிக் கிழித்ததில் இப்போது நிற்பது இது.

சௌபாத்தி போய்விட்டது. மாலையும் போய்விட்டது. காட்சி ஒரு வீட்டு வாசல். அது மாட்டுங்காவா தாராவியா என்று சொல்லப்போவதில்லை. வேற்றுலகத்தார் வரிசையாகக் கோலங்களைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து வீடுகள் மாமி சொன்னதுபோலக் கூடவே நின்று தண்ணீர் ஊற்றுகின்றன. ஒரு வீட்டுக்காரி மட்டும் வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள், துடைக்க விட மாட்டேன் என்று. இரு பக்கமும் கெஞ்சுகிறது. கப்பலுக்கு நேரமாகிறது. அந்தக் கோலம் துடைக்கப்படாமலே அவர்கள் கிளம்புகிறார்கள். பிறகு ரேடியோப் பெட்டி. முதலில் உடனுக்குடன் வரும் தாளம் எல்லாமே அந்தக் கோலத்தைத் துடைத்தாயிற்றா என்றுதான் கேட்கிறது. இடைவெளி கூடக்கூடக் கேள்வி மாறவே இல்லை. பதிலுக்கு அவள் பொய் சொல்வாளா என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை. இட்லி மாவு சட்டப்புத்தகத்தின் அறிவுரைப்படி நீக்கப்பட்டது.

முலுண்ட் வாசகி

பொய் சொல்லக் கூடாது. தடத்தை வைத்துக்கொள்கிறவர் அதை ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

மாட்டுங்கா மாமி

பொய்யோ மெய்யோ, விருந்தாளியின் மரியாதையைக் கெடுத்தது நாம்தான் என்று மேடையில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வரி இல்லாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் மகளிர் குழுவின் நடிகைகளையும் தர மாட்டேன்.

தொண்ணூறடிச் சாலை

அந்த வரி தாராளமாக இருக்கட்டும், மாமி. வாசலில் உட்கார்ந்திருப்பவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேடத்துக்கு என் அக்காவைக் கேட்டிருக்கிறேன். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவாள், சனிக்கிழமை அவளுக்குக் கடை.